முனைத்துண்டு தின்றவர்

பாட்டில் தொழிற்சாலையில் கீறல் பார்க்கும் வேலையிலிருந்தவருக்கு ஒன்பது வருடம் எந்தக் காரியத்திலும் நடுப்பகுதி கிடைக்கவில்லை. தொடக்கம் கிடைத்தது, முடிவு கிடைத்தது. பேருந்தில் ஏறுவார், அடுத்த நொடி இறங்குவார். முடிவெட்டும் கடையில் துணி போர்த்துவார்கள், உடனே உதறுவார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. சிலருக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது, சிலருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது, இவருக்கு நடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார்கள். காரணம் தேடி யாரும் அலையவும் இல்லை. மகளின் பள்ளிக்கூட டப்பாவுக்குச் சுஷி சுருட்டிக் கொடுத்துவிட்டு, முனைத்துண்டு இரண்டையும் இவர் தின்றதால் வந்தது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் டப்பாவில் பார்த்துவிட்டு வந்து, கறுப்புத் தாளில் சோற்றைச் சுற்றி உள்ளே பச்சையும் மஞ்சளும் வைத்தது வேண்டும் என்றாள். ஒரு வாரம் ரொட்டியைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்தாள். மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஆகவே டப்பா கட்டுவது இவர் பாடு. இவருக்கு எழுத்து தெரியாது. கடற்பாசித் தாள் வந்த உறையின் பின்பக்கம் ஆறு படம் போட்டிருந்தது, அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஒட்டுகிற அரிசியை வேகவைத்து, வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்து தெளித்து, காலண்டர் அட்டையால் விசிறி ஆறவைத்தார். சுருட்டுவதற்கு மூங்கில் பாய் வேண்டும் என்று படம் சொன்னது. இவர் துவைத்த துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன்மேல் சுருட்டினார். முதல் நாள் சுருள் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் பிரிந்து வெறும் சோறாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, மெத்தையைச் சுருட்டுற மாதிரி சுருட்டுறீங்க? அது பிள்ளை வாயில போகணும், லாரியில இல்ல" என்றாள்.

ஒரு மாதத்தில் கை படிந்துவிட்டது. ஈரக் கத்தியால் அறுத்தால் ஒரு சுருளுக்கு எட்டுத் துண்டு. நடுவில் உள்ள ஆறும் சட்டைப் பொத்தான் மாதிரி ஒழுங்காக இருக்கும். முனை இரண்டும் அலங்கோலம். வெள்ளரிக்காய் நாக்கை நீட்டும், முட்டை பிய்ந்து தொங்கும். ஆறையும் டப்பாவில் அடுக்கிவிட்டு, முனை இரண்டையும் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். "அப்பா, நடுவுல ஒண்ணு எடுத்துக்கோ" என்று மகள் தினமும் சொல்வாள். "எனக்கு முனைதாம்மா பிடிக்கும்" என்று இவர் தினமும் சொல்வார். பொய்தான். பெற்றவர்கள் எல்லோரும் சொல்கிற பொய், ஆனால் இவர் அதைச் சொல்லி முடித்த கையோடு விழுங்கவும் செய்தார்.

நான்காவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சங்கு ஊதியதும் கீறல் பார்க்கும் வெள்ளை விளக்குக்கு முன் உட்கார்ந்தார், உடனே மாலைச் சங்கு ஊதியது. பெல்ட்டில் பத்தொன்பதாயிரம் பாட்டில் போயிருந்தது. கீறல் விட்டதெல்லாம் கூடையில் சரியாகக் கிடந்தது. விரலில் புது வெட்டு இரண்டு இருந்தது, இடுப்பு வலித்தது. ஆனால் எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட இவர் கணக்கில் இல்லை. இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த விளக்கின் முன் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும். கூட வேலை பார்த்தவர்கள் வயிறெரிந்தார்கள். "நமக்குத்தான்யா எட்டு மணி நேரம். இந்த மனுசனுக்கு ரெண்டு சங்கு, அவ்வளவுதான்." முனைத்துண்டு சங்கதியைக் கேள்விப்பட்டு ஒருவர் வீட்டில் சுஷி செய்து பார்த்தார். ஆசையில் எட்டுத் துண்டையும் தின்றுவிட்டார், வயிற்றுப்போக்கு மட்டும் வந்தது.

பிறகு அது வேலையோடு நிற்கவில்லை. பல் பிடுங்கியது வலிக்கவில்லை, அது லாபம். சினிமாவில் விளக்கு அணைந்தது, எரிந்தது, அது போனால் போகிறது. பள்ளிக்கூட நாடகத்தில் மகள் மரமாக நின்றாள். இவர் திரை விலகுவதைப் பார்த்தார், எல்லோரும் கைதட்டுவதைப் பார்த்தார். மகளுக்கோ நேர் எதிர். நடுத்துண்டாகவே தின்று வளர்ந்தவளுக்கு நடு மட்டும்தான் தெரியும். பள்ளிக்கு எப்படி வந்தாள், எப்படித் திரும்பினாள் என்று சொல்லத் தெரியாது. கட்டுரை எழுதச் சொன்னால் "அப்போது அந்த மாடு திரும்பிப் பார்த்தது" என்று ஆரம்பிப்பாள், அந்த மாடு பார்த்துக்கொண்டே நிற்கும். "தலையும் இல்லை, வாலும் இல்லை" என்று டீச்சர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் போனார். "உட்காருங்க" என்றது கேட்டது, "சரி, போயிட்டு வாங்க" என்றது கேட்டது.

மருந்து என்னவென்று மனைவிக்குத் தெரிந்திருந்தது. "ஏங்க, நடுத்துண்டு ஒண்ணை வாயில போட்டுக்கங்களேன். பிள்ளை வளர்றதைப் பார்க்க வேண்டாமா?" இவருக்கும் தெரியும். ஒருநாள் அவசரத்தில் கை தவறி நடுத்துண்டு ஒன்று வாய்க்குள் போய்விட, அன்று எட்டு மணி நேரமும் ஒன்று குறையாமல் வந்தது, பாட்டில் பாட்டிலாக. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அதன் பிறகு கவனமாக இருந்தார். "இந்த வருஷம் போகட்டும்" என்றார். வருடத்துக்கும் நடு இல்லாததால் அது உடனே போனது. அடுத்த வருடமும் அதையே சொன்னார். பள்ளி திறக்கும் நாளில் மகளின் பாவாடை தரையைத் தொடும், மூடும் நாளில் முழங்காலுக்கு ஏறியிருக்கும். இடையில் அவள் வளர்ந்ததை இவர் பார்க்கவில்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது, மனைவி தான் இஸ்திரி போட்ட விரிப்பிலேயே நோயாளியாகப் படுத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு ஜன்னலில் பெயர் கேட்டார்கள், இவர் சொன்னார், கைநாட்டு வைத்தார். திரும்பினால் விரிப்பை முகத்துக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். இடையில் பத்தொன்பது நாள் போயிருந்தது. "நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்கய்யா. ஆரஞ்சு உரிச்சுக் கொடுத்தீங்க, தலை வாரி விட்டீங்க. ரெண்டு பேரும் ஓயாம பேசிட்டு இருந்தீங்களே" என்றாள் நர்ஸ். இவர் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஆரஞ்சு வாசனை இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு சுருள் சுருட்டி, நடுத்துண்டு ஆறையும் தின்றார். அதிலிருந்து எல்லாவற்றிலும் நடு வந்தது. போனது வரவில்லை. துக்கம் முழு நீளத்துக்கும் வந்தது. வெள்ளை விளக்கின் முன் எட்டு மணி நேரமும் வந்தது, ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு பாட்டிலாகப் பார்த்தார்.

மகள் பழையபடியே இருந்தாள். அவளுக்கு முடிவு கிடைப்பதில்லை என்பதால் அவள் கணக்கில் அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள், கழுவி எடுப்பாள். யாரும் தடுக்கவில்லை. கல்யாணமாகி அப்பாவையும் தன்னோடு வைத்துக்கொண்டாள். "என்னை எப்படிப் பிடிச்சுது உனக்கு?" என்று கணவன் கேட்டால், "தெரியல, பிடிச்சிருக்கு" என்பாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவளிடம் இருப்பது இவருக்குத் தெரியும். கேட்டால் பதிலுக்கு அவள் முடிவைக் கேட்பாள். தட்டைப் பார்த்துப் பார்த்து, இருபது வருடம் கேட்காமலே இருந்தார்.

பேத்திக்கு ஆறு வயதானதும் அவளும் சுஷிதான் கேட்டாள். மகள் சுருட்டி, அறுத்து, ஆறை டப்பாவில் வைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு வந்தாள். பலகையில் முனை இரண்டும் கிடந்தன. இவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மா எப்பப்பா வருவா?" என்றாள், துணியால் கத்தியைத் துடைத்துக்கொண்டே.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லு. அந்த ஆஸ்பத்திரியில உங்கம்மாகூட நான் என்ன பேசினேன்?"

"நீ எங்க பேசின? அம்மாதான் பேசினா. ஒருநாள் உன்கிட்ட, நடுத்துண்டு சாப்பிட்டீங்களான்னு கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்ன. 'அப்ப இனிமே சொல்றதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்'னு அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்புறந்தான் எல்லாத்தையும் சொல்ல ஆரம்பிச்சா."

இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எல்லாம்னா?"

அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லச் சொல்ல வெயில் ஜன்னலிலிருந்து அடுப்புக்கு வந்தது, அடுப்பிலிருந்து தரைக்கு இறங்கியது. நீ சுருட்டுவதை ஒரு நாளாவது நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்று அம்மா ஒன்பது வருடமும் நினைத்தாளாம், ஒரு நாளும் பேருந்தை விட மனம் வரவில்லையாம். அதுவும் அதில் இருந்தது.

அவள் சொல்லி ஓய்ந்ததும் இவர் எழுந்து, உலர்ந்துபோன முனைத்துண்டு இரண்டையும் எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் ஒன்றைத் தின்றாள், பிறகு மற்றதையும் தின்றாள். அவள் விழுங்கும் வரை காத்திருந்து, ஜன்னலில் பெயர் கேட்ட தொடக்கத்தையும், விரிப்பை மூடிய முடிவையும் இவர் சொன்னார். "நீ அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தம்மா. விரலை நான்தான் பிரிச்சு எடுத்தேன்." அவள் இருபது வருடத்து அழுகையை அன்று அழுதாள். அன்று மாலை ஐந்து தட்டுக்குப் பதில் நான்கு தட்டு வைத்தாள்.

இப்போது அந்த வீட்டிலிருந்து போகும் டப்பாவில் எட்டுத் துண்டும் போகின்றன. முனைகளால் மூடி சரியாக மூடாது, ரப்பர் வளையம் போட்டு அனுப்புகிறார்கள். பேத்தி சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல், முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை நடந்ததை ஒன்று விடாமல் தாத்தாவிடம் சொல்கிறாள். ரொம்ப நேரம் ஆகிறது. அவர் நடுவில் எழுந்திருப்பதில்லை.