‘கதவைச் சாத்துடி’யின் முதல் பதிவு

செங்கல் சூளையில் பிறந்த அந்தப் பாட்டிலிருந்து யாரும் தப்பியதில்லை. லிஃப்டில் வருகிறது. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வருகிறது. முதலில் ஒரு வானொலிப் பாடகி மூக்கால் பாடினார். அடுத்து சினிமாக்காரர்கள் வயலின்களால் அதைக் குளிப்பாட்டினார்கள். பிறகு தலைமுடி வளர்த்த நாலு பேர் கிட்டாரோடு கத்த, அது புரட்சிப் பாட்டாகவும் ஆயிற்று. யார் பாடினாலும் முடிவு ஒன்றுதான்: “கதவைச் சாத்துடி, காத்து வருது.” அங்கே எல்லாப் பாடகர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கதவு என்பது ஆன்மா, காற்று என்பது காலம் என்று, அதை முதன்முதலில் பதிவு செய்த பேராசிரியர் தலையணை பருமனில் புத்தகம் எழுதி விருதும் வாங்கியிருக்கிறார்.

அந்த வரி பாட்டிலேயே கிடையாது.

பேராசிரியர் வாலிபராக இருந்தபோது ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு சூளைக்குப் பின்னாலிருந்த ஓர் அறைக்குப் போனார். நெஞ்சில் புழுதி ஏறிப் படுத்துக் கிடந்த பெண் அவருக்காகப் பாடினாள். பாதியில் இருமல் வந்தது. கருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மகளிடம் அப்போது அவள் சொன்னதுதான் அது. நாடாவில் விழுந்ததெல்லாம் பாட்டு என்று எடுத்துக்கொண்டார் பேராசிரியர். இருமலையும் ஸ்வரப்படுத்தினார். வானொலிப் பாடகி தாளம் தப்பாமல் இருமினார்.

மகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. முதல் பதிவின் பொன்விழாவுக்கென்று அவளைத் தேடிப் பிடித்து ஸ்டுடியோவுக்குக் காரில் கூட்டி வந்திருந்தார்கள்.

“மேடையில ஒரே வார்த்தைம்மா. ‘எங்கம்மா இந்த வரியில பிரபஞ்சத்தையே வச்சுட்டாங்க’னு சொன்னா போதும்,” என்றார் பேராசிரியர்.

“சொல்றேங்க. முதல்ல அந்தப் பழைய டேப்பைப் போடுங்க.”

“ரெக்கார்டுல கேட்டிருப்பீங்களே?”

“அது அந்த வரியோட நின்னுடுது. அதுக்கப்புறமும் அம்மா என்னவோ சொன்னாங்க. நான் கதவுகிட்ட ஓடிட்டேன், காத்துல காதுல விழல. அன்னைக்கே என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்தப்ப அம்மா இல்ல. திட்டுனாங்களா, கொஞ்சுனாங்களான்னு தெரிஞ்சாப் போதும்.”

“உக்காருங்கக்கா,” என்று சொல்லி ஸ்டுடியோவின் ஒலிப்பதிவாளர் நாடாவை மாட்டினார்.

பிளீச் தின்ற கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவள் குனிந்து கேட்டாள். பாட்டு. இருமல். கதவைச் சாத்துடி. சின்னக் கால்கள் ஓடும் சத்தம். அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள்.

“அன்பார்ந்த நேயர்களே!” என்றது ஒலிபெருக்கி. “அரியதோர் மண்ணின் குரலை அடியேன் அலைந்து திரிந்து...”

ஒலிப்பதிவாளர் திரும்பினார். “சார், அது மேலயே பேசிட்டீங்களா?”

“அப்போ டேப்புக்கு என்ன பஞ்சம் தெரியுமாய்யா! பாட்டுதான் முடிஞ்சுபோச்சே. மிச்சத்தை வீணாக்குவானேன்னு முன்னுரை பேசி வச்சேன்.”

“அடியில ஏதாச்சும் மிச்சம் இருக்குமாப்பா?” என்று அவள் ஒலிப்பதிவாளரைக் கேட்டாள்.

“அழிச்சுட்டுப் பதியிற மிஷின்க்கா அது.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “போனது போனதுதான்.”

நிறுத்தக் கை நீட்டியவரைப் பேராசிரியர் விரலை உயர்த்தித் தடுத்தார். முன்னுரை நீண்டது. நாட்டாரியலின் தோற்றம் வந்தது, அடியேனின் கால்வலி வந்தது. பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“பாத்தீங்களாம்மா, அந்த வயசுலயே குரல் என்ன கணீர்னு!”

“ஆமாங்க,” என்றாள் அவள். “நல்லா கேக்குது.”