பெயர் சொல்லாத ஈ

என் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் பதிலாக வயதாவதற்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு பழ ஈயை நியமித்திருந்தார்கள். ஈயின் பெயரும் பஞ்சவர்ணம். ஈக்குச் சீக்கிரமே கிழத்தனம் வந்துவிடுமாம். மருந்தை முதலில் அது குடிக்கும். அதற்கு ஞாபகம் தேறினால் அடுத்து என் மனைவி குடிக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்து நடைபாதை எங்களைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் நீண்டது. எனக்கு முழங்கால் வலி. நடைபாதையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. நடந்தோம்.

பஞ்சவர்ணம் கொஞ்ச நாளாக உலையை வைத்துவிட்டு மறந்துவிடுகிறாள். செருப்பை ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். அதெல்லாம் போய்த் தொலையட்டும். என்னை மறந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

டாக்டர் ரெஜினா ஆளுயரக் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தார். குழாயின் வாயைப் பஞ்சால் அடைத்திருந்தார்கள். ஈக்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. எங்கும் பழுத்த வாழைப்பழ வாடை.

"தட்டுங்க," என்றார் டாக்டர்.

தட்டினேன். அவர் குழாய்ச் சுவரைப் பற்றி மளமளவென்று மேலே ஏறினார்.

"இளசுன்னா ஏறிடும். கிழடு கீழயே கெடக்கும். நான் எப்படி?"

"நல்லா இருக்கீங்க மேடம்."

அவர் திருப்தியாக இறங்கி என் மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

பஞ்சவர்ணம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மறந்துட்டாங்க," என்றார் டாக்டர்.

"இல்ல மேடம். அவ சொல்ல மாட்டா. கல்யாணமானதுல இருந்து ஒரு வாட்டி சொன்னதில்ல."

என் பெயர் பாலுச்சாமி. அந்த ஒரே காரணத்துக்காக அவள் பாலைக்கூட 'வெள்ளை' என்பாள். ரேஷன் கடையில் என் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்வாள்.

"சொன்னாத்தான் ஞாபகம் இருக்குன்னு அர்த்தம்."

"சொல்லாம இருக்கவும் ஞாபகம் வேணுமே மேடம்."

"அதுக்கு எங்ககிட்ட சோதனை இல்ல."

டாக்டர் அதே கேள்வியை ஈயிடம் கேட்டார். ஈ முன்னங்கால் இரண்டையும் தூக்கி வாயை மூடிக்கொண்டது. மருந்தை நீட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் பங்கையும் சேர்த்து என் மனைவிக்கே கொடுத்துவிட்டார்கள். அவள் மடக்மடக்கென்று குடித்தாள்.

"இப்ப சொல்லுங்கம்மா."

"பாலுச்சாமி," என்றாள் பஞ்சவர்ணம், கணீரென்று.

டாக்டர் கைதட்டினார். ஈக்கள் மரியாதைக்கு எழுந்து நின்றன. எனக்கு என் மனைவி எங்கே என்று யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"பாலுச்சாமி, போலாமா? பால் வாங்கணும்."

"வாங்கிக்கலாம்ங்க," என்றேன். அவளுக்கு நான் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஈயை எனக்குத் தரச்சொல்லி டாக்டரிடம் கேட்டேன்.

"தேறாதத வச்சு என்ன செய்வீங்க?" என்றார் டாக்டர்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் பஞ்சவர்ணம் முன் சீட்டுக்காரரிடம் என் பெயரைச் சொன்னாள். பின் சீட்டுக்காரரிடமும் சொன்னாள். நான் சட்டைப்பையிலிருந்து புட்டியை எடுத்தேன்.

"ஏ புள்ள, எம் பேரு என்ன?"

ஈ வாயை மூடிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்டக்டர் வந்தார்.

"எத்தன டிக்கெட்?"

"எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் ரெண்டு," என்றேன். "அந்தம்மாவுக்குத் தனியா ஒண்ணு."