இரண்டு மடிப்புக் கைக்குட்டை

“கொஞ்சம் முகத்தைத் தூக்குங்க தங்கச்சி” என்று மருதப்பன் சொன்னபோது, அவனுக்கு இடப்பக்கம் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்து நின்ற முத்தாயிக்கு வயிறு எரிந்தது. தங்கச்சியாம். சிராங்கூன் ரோட்டில் இருக்கும் அவர்களுடைய ஸ்டூடியோவுக்கு வருகிற பெண்களையெல்லாம் புருஷன் அப்படித்தான் கூப்பிடுகிறான். ஆனால் வேறு யாரைக் கூப்பிடும்போதும் அவன் குரல் இப்படிக் குழைந்து அவள் கேட்டதில்லை.

பூமலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. சுலோச்சனா ஏரிக்கரையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வெயிலை முகத்தில் வாங்கினால் யாருக்கும் கண் சுருங்கிவிடும். முதுகில் வாங்கினால் முடியோரமெல்லாம் மினுங்கும், முகம் மட்டும் கரிச்சட்டியாகிவிடும். அந்த இருட்டைப் போக்கத்தான் பகலில் ஃபிளாஷ். பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சிரிப்பார்கள். மருதப்பன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். ஃபிளாஷ் முழு வீச்சில் அடித்தாலும் முகம் வெளுத்துவிடும் என்பதால் பல்பைச் சுற்றியிருக்கும் அதன் கிண்ணத்தின் மேல் வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்த வேண்டும். ஆள் எட்ட நின்றால் ஒரு மடிப்பு, கிட்ட நின்றால் இரண்டு. அது முத்தாயியின் வேலை. கல்யாணமாகி வந்த நாள் முதல் எத்தனையோ பெண்களின் முகத்துக்கு அவள்தான் வெளிச்சம் கொடுத்திருக்கிறாள். கடைக் கண்ணாடிக்குள் தொங்குகிற படங்களில் ஒன்றுகூட அவளுடையதில்லை. கேட்டால், “நீதான் லைட்டு புடிக்கிறியே, உன்னை எடுத்தா யாரு புடிக்கிறது?” என்பான். அவளும் அதை ஒரு பெருமையாக நினைத்துக்கொண்டு இருந்துவிட்டாள், இந்தச் சுலோச்சனா வருகிற வரைக்கும்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவரின் மகள். டீச்சர் வேலைக்கு மனுப்போட ஒரு படம் வேண்டுமென்று வந்தாள். மருதப்பன் அதைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினான். மாட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தினமும் காலையில் அந்தப் படத்தைத் துடைக்கிறான். பக்கத்துப் படங்களில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. இப்போது ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பெண் வெளியில் நின்று எடுத்த படம் வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்களாம். சீக்கிரம் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கே போய்த் தொலையட்டும் என்று நினைத்துத்தான் முத்தாயி இன்றைக்குக் கிளம்பி வந்தாள்.

“முடி கண்ணுல விழுது” என்று சொல்லிக்கொண்டே மருதப்பன் கேமராவை விட்டு நடந்தான். துணைக்கு வந்திருந்த சுலோச்சனாவின் அம்மா, கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்க வந்த குரங்கோடு குடையை வைத்துப் போராடிக்கொண்டிருந்தாள். அவன் விரலை நீட்டி, அந்தப் பெண்ணின் நெற்றியில் கிடந்த முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் திரும்பி வந்தான், ஒன்றுமே நடக்காதவன் மாதிரி.

அவன் குனிந்து கேமராவுக்குள் பார்த்த நேரத்தில், முத்தாயி கைக்குட்டையை உருவி இடுப்பில் செருகினாள். பளீரென்று பல்பு வெடித்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. அடுத்த பல்புக்கும் அதேதான். அவன் நிமிரும்போதெல்லாம் பல்பு மாற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்து கிடந்தது.

சாயங்காலம் மருதப்பன் ஈரம் சொட்டுகிற படத்தோடு இருட்டறையிலிருந்து வந்தான். சத்தம் போடவில்லை.

“வானம் சரியா இருக்கு. தண்ணி சரியா இருக்கு. மூஞ்சி மட்டும் வெந்து போயிருக்கு. கைக்குட்டை எங்க முத்தாயி?”

“எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“அந்தப் பொண்ணு முடியை நீங்க ஏன் தொட்டீங்க?”

“படத்துல கோடு மாதிரி விழும்லா. அதான்.”

“என் முடி என்னைக்காவது உங்க கண்ணுக்குக் கோடா தெரிஞ்சிருக்கா?”

அவன் படத்தை மேசையில் வைத்தான். கண்ணும் மூக்கும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது சுலோச்சனாவின் முகம். “அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் வரச் சொல்லணும். ஒழுங்கா புடிக்கிறதுன்னா வா. இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்” என்றான்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவன் பக்கத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த இடப்பக்கம் ஒன்றுதான். அதில் வேறு ஆளா? இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் கைக்குட்டையை இரண்டு மடிப்பாக மடித்து, ரப்பர் போட்டு இறுக்கிக்கொண்டு போனாள்.

“போன வாரம் என்னண்ணே ஆச்சு?” என்று கேட்டாள் சுலோச்சனா.

“பல்பு சரியில்லம்மா” என்றான் மருதப்பன், முத்தாயியின் பக்கம் திரும்பாமல்.

தன்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முன்னால் தனக்கு எதற்கு இந்தத் தயவு? பல்லைக் கடித்துக்கொண்டு ஒழுங்காகப் பிடித்தாள். சுலோச்சனாவின் முகம் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கும் என்பது படம் கழுவாமலே அவளுக்குத் தெரிந்தது.

மருதப்பன் நிமிர்ந்தான். “ஃபிலிம்ல இன்னும் ஒண்ணு மிச்சமிருக்கு. முத்தாயி, நீ போய் நில்லு.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. “நானா? லைட்டு...”

“நான் புடிக்கிறேன்க்கா” என்று சுலோச்சனா கையை நீட்டினாள்.

கொடுக்காமல் இருக்க முடியவில்லை. முத்தாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு தண்ணீரோரம் நடந்தாள். முதுகில் வெயில் சுட்டது. திரும்பிப் பார்த்தபோது அவளுடைய இடத்தில் அந்தப் பெண் நின்றாள். மருதப்பன் கைக்குட்டையை விலக்கிக் காட்டி அவளிடம் ஏதோ சொன்னான். எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறானா? போன வாரம் உண்மையில் என்ன நடந்தது என்று சொல்கிறானா? சுலோச்சனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவன் குனிந்தான். சுலோச்சனா ஃபிளாஷை உயர்த்தினாள். அதில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது. கிண்ணத்தின் மேல் துணி இருக்கிறதா, இல்லையா என்று எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை.

“கண்ணு கூசும், கீழ பாரு. சொல்றப்ப நிமிர்ந்தா போதும்” என்றான்.

முத்தாயி பார்வையைத் தாழ்த்தினாள்.

“ம். இப்ப நிமிர்ந்து பாரு.”

அவள் உடனே நிமிரவில்லை. புல்லின்மேல் அவளுடைய நிழல் நீண்டு போய், அவர்கள் இரண்டு பேரின் கால்களுக்கும் நடுவில் கிடந்தது.