கோர்லி அம்மாளுக்குப் போகாத பதில்

லவீனியா சூப்பைக் கரண்டியில் எடுத்து அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனாள். ஜெனரல் தார்னெல் வாயை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"தபால் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா. எல்லாம் நலம் விசாரிச்சுதான்."

"அந்த கோர்லி அம்மா?"

"இல்லப்பா."

சொன்ன வாய் கசந்தது. வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில்.

போரில் வலது கையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவருக்கு அவள்தான் கை. செத்துப்போன பையன்களின் வீடுகளிலிருந்து வரும் கடிதங்களுக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதுவாள். அவர் வாசித்துக்கூடப் பார்க்காமல் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுவார். எல்லிஸ் கோர்லியின் தாய் மட்டும் நேராகவே கேட்டிருந்தாள், அன்றைக்குப் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்ததாமே என்று. ஆமாம், வந்தது, குன்றைப் பிடித்துவிடலாம் என்ற ஆசையில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், மன்னியுங்கள் என்று சொல்லி எழுதச் சொன்னார். அப்பா பெயர் நாறிவிடுமே என்று லவீனியா வேறொரு தாளை நீட்டினாள். உத்தரவு எதுவும் வரவில்லை, உங்கள் மகன் வலியில்லாமல் வீரனாக இறந்தான் என்று அதில் இருந்தது. அதற்குத்தான் கையெழுத்து விழுந்தது. அந்தத் தாய் உருகி உருகி நன்றி எழுதினாள். அதைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும். அடுப்பில் போட்டாள்.

கூடத்தில் அவருடைய பழைய படைவீரர்கள் அவர் சாவுக்குக் காத்துக்கொண்டு கேக்கை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ என்னை மன்னிக்கல லவீ. நியாயந்தான்."

லவீனியாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அப்பா, அந்தக் கடிதாசியை நான் அனுப்பவே இல்ல. உத்தரவே வரலன்னு வேற எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். அவங்க பதில் போட்டாங்க. நன்றி சொல்லி. நாந்தான் எரிச்சேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அப்போ அவளுக்கு இன்னும் தெரியாது."

"தெரியாதுப்பா."

"பேனாவ எடு."

எடுத்தாள். தாளை விரித்தாள்.

"அம்மா, உங்க பையன் எல்லிஸ் செத்தது என்னாலதான். உத்தரவு என் பையிலதான்..."

அடுத்த சொல்லுக்காகப் பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள். வரவில்லை. அவர் மார்பு அடங்கியிருப்பதை அப்புறம்தான் கவனித்தாள்.

கூடத்திலிருந்து கேப்டன் பெக்வித் உள்ளே வந்து, தலையைக் குனிந்து நின்று, ஜெனரலின் கண்களை மூடிவிட்டார். பிறகு கோட்டிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"தப்பா நினைக்காதம்மா. பத்திரிகைக்காரன் வாசல்ல நிக்கிறான். கடைசியா என்ன சொன்னாரு? நாடு, கொடின்னு ஏதாவது?"

தலையை ஆட்டினால் போதும். மிச்சத்தை அவரே அழகாக எழுதிக்கொள்வார். லவீனியா தாளிலிருந்ததை வாசித்தாள்.

பென்சில் அசையவில்லை. "அம்மாடி, இதையா போடறது? அப்பா பேரு என்னத்துக்கு ஆகும்?"

அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், அவர் எழுத வசதியாக, நிறுத்தி நிறுத்தி.