மன்னனில்லா நாட்டின் அண்ணன்

கார்முகில் கவிந்து, கடலும் வானும் ஒருநிறம் கொண்டிருந்த காலைப்பொழுது. குன்றின் உச்சியிலே அரண்மனை, அதன் அடியிலே ஓட்டுக்கூரைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெருக்கள், கடைக்கோடியிலே கலங்கள் வந்து தங்கும் துறை எனப் படிப்படியாய் இறங்கிச் செல்லும் அப்பெருநகரம், தன் இரைச்சலையெல்லாம் எங்கோ ஒளித்துவைத்துவிட்டு வாய்மூடிக் கிடந்தது. மன்னனின் மனைவியாம் அரசி காலமாகியிருந்தாள், நண்பகலில் அவள் இறுதி ஊர்வலம். கடைக்கதவுகள் சாத்தப்பட்டு, கொடிகள் அரைக்கம்பத்தில் நனைந்து தொங்க, ரொட்டி சுடும் ஓர் அடுமனையின் புகைபோக்கி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. துயர் வந்தாலும் ஊருக்குப் பசிக்கும் அன்றோ?

அவ்வடுமனையின் மாவுப்பலகை அருகே, கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்து அமர்ந்திருந்தவனே நம் பயணி. மன்னனை ஆட்சியிலிருந்து இறக்கிவிட்ட நாட்டிலிருந்து வந்த வரலாற்று ஆசிரியன். அந்நாட்டிலே மன்னன்முன் தலைவணங்க மறுத்துச் சிறைபுகுந்தோருள் அவன் தந்தையும் ஒருவர். முடியாட்சி வீழ்ந்தபின் அரண்மனை பள்ளிக்கூடமாயிற்று. அரியணை இருந்த அதே கூடத்திலேதான் அவன் பாடம் நடத்துகிறான். அறிவுடையீர், ஒருவன் பெருமைகொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? கேட்டவரிடமும் சொன்னான், கேளாதவரிடமும் சொன்னான். கப்பலில் உடன்வந்தோர் அவன் தலையைக் கண்டாலே மேல்தளத்துக்கு நழுவினர்.

அவனை இங்கே வரவழைத்தவள் அவன் தங்கை. இந்நாட்டு அடுமனைக்காரனை மணந்து, இப்போது நிறைசூலியாய் இருப்பவள். மறுநாள் அவள் மன்னன் பெயரால் உறுதிமொழி ஏற்று இந்நாட்டுக் குடிமகளாக வேண்டும். அதற்கோ ஒரு முறை உண்டு. பிறந்த வீட்டார் ஒருவர் அருகே நின்று, 'எங்கள் பெண்ணை மனமுவந்து தருகிறோம்' என்று சொல்லியாக வேண்டும். சொல்ல ஆளில்லையேல் குடியுரிமை இல்லை. தாயும் தந்தையும் மறைந்துவிட்ட அவளுக்கு, பிறந்த வீடு என்பது இந்த அண்ணன் ஒருவனே. அவனோ வந்த நாள் முதல் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"அப்பா ஜெயில்ல கிடந்தது எதுக்கு? நீ இங்க வந்து ஒரு ராஜா படத்துக்குக் கும்பிடு போடவா?"

"பொறக்கப்போற பிள்ளை இந்த நாட்டு ஆளு, பெத்தவ அயல்நாட்டுக்காரின்னு நான் கிடக்கணுமா அண்ணா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவைப் பிசையத் திரும்பினாள்.

வேலையாட்கள் தம் வழக்கப்படி மன்னனை வம்புக்கு இழுத்தனர். "அவர் காதப் பாத்திருக்கியா? ரெண்டும் ரெண்டு முறம்!" என்றான் ஒருவன். "பேச ஆரம்பிச்சார்னா நாம பிசைஞ்ச மாவு புளிச்சே போயிடும்" என்றான் அடுமனைக்காரன். தங்கையும் சிரித்தாள். இதைக் கேட்டதும் பயணிக்கு உள்ளம் குளிர்ந்தது; ஆகா, நம் கட்சிக்காரர்கள்தாம் என்று எண்ணி அவனும் குரலை உயர்த்தினான்.

"இப்படிப்பட்ட ஆளை எதுக்குச் சுமக்கறீங்க? பொண்டாட்டியும் போயாச்சு. இவரையும் வழியனுப்பிட்டா அரண்மனைல நல்லதா ஒரு பள்ளிக்கூடம் நடத்தலாமே!"

மாவு பிசைந்த கைகள் நின்றன. சிரிப்பு அடங்கியது. அடுமனைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு, "மச்சான், இன்னைக்கு வேண்டாமே" என்று மட்டும் சொன்னான். தங்கைதான் அவன் எதிரே வந்து நின்றாள்.

"அவங்க பேசினது வீட்டுப் பெரியவரப் பத்தி அண்ணா. நீ பேசினது எழவு வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு."

அவன் முகம் செத்துப்போயிற்று. நண்பகலில் அனைவரும் மாவுக்கைகளோடே தெருவுக்கு இறங்க, அவனும் பின்தொடர்ந்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவின் இருமருங்கிலும் கடல்போல் மக்கள். ஆயினும் குழந்தையின் சிணுங்கலும் இல்லை. ஈரக் கற்களின்மேல் அரசியின் பேழையைச் சுமந்த வண்டியின் உருளைகள் உருளும் ஓசை மட்டுமே. அதன் பின்னே, முடியின்றி, குடையின்றி, வெண்ணரை நெற்றியில் ஒட்டிக்கிடக்க, ஒரு முதியவர் தனியே நடந்து வந்தார். காதுகள் மெய்யாகவே பெரியவைதாம். அடுமனையின் எதிரே வரும்போது அவர் கால் வழுக்கிற்று.

"பாத்து, பெரியவரே! பாத்து வாங்க!" என்று காலையில் கேலி பேசிய அடுமனைக்காரன் பதறினான். முதியவர் நிமிர்ந்து, அவனை நோக்கித் தலையசைத்து, மீண்டும் நடந்தார். அப்போதுதான் நம் பயணி, தன் கையும் அவரைத் தாங்குவதற்கு நீண்டிருப்பதைக் கண்டான்.

அவன் தந்தையின் உடல் வீட்டிலிருந்து புறப்பட்ட அன்றும் இதே மழை, இதே அமைதி, அன்று காலைவரை அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டித்தீர்த்த தெருவே தலைகுனிந்து நின்றது. அச்சத்தால் தாழும் தலையை அவன் அறிவான், பாடமும் நடத்தியிருக்கிறான். இங்கே எவரும் எவருக்கும் அஞ்சவில்லை. ஊரே ஒரு கிழவரின் துயரைத் தன் வீட்டுத் துயராக ஏந்தி நிற்கும் அப்பேருருவின் முன்னே, தன் பெருமையெல்லாம் எத்தனை சிறியதாய்ப் போயிற்று என்று எண்ணி நாணி, அவன் வெகுநேரம் மழையிலேயே நின்றான்.

மறுநாட்காலை, அலுவலகக் கூடத்தில், "பிறந்த வீட்டு ஆளு யாருங்க?" என்று அலுவலர் கேட்டார். தங்கை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான். இவ அண்ணன்" என்றபடி அவன் வந்து அவள் அருகே நின்றான். சொல்லவேண்டியதை ஒரு சொல்லும் குறையாமல் சொன்னான். அவள் மன்னனின் படத்துக்குத் தலைவணங்கினாள். அவன் வணங்கவில்லை. அலுவலரின் பார்வை அவன்மேல் நிற்பதைக் கண்டு தங்கை பதறினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு எங்க அப்பாவோட தலை. வளையாது."

அலுவலர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

"இருக்கட்டும்மா. பொண்ணைக் கொடுக்க வந்தவர் நிமிர்ந்துதான் நிக்கணும்."

அண்ணன் நிமிர்ந்தே நின்றான். தங்கையின் குனிந்த தலைமேல் அவன் கை மட்டும் மெல்லத் தாழ்ந்தது.