துபாசியின் அக்கா

பட்டாளத்துச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. அதே பட்டாளத்தில் துரைமார் பேச்சைச் சனங்களுக்கும் சனங்கள் பேச்சைத் துரைமாருக்கும் எடுத்துச் சொல்லும் துபாசி, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இது அந்த மதிலுக்குள் ஒருவருக்கும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே, "வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லி வச்சிருக்கேன். அங்க வச்சுத் தம்பின்னு கூப்பிட்டுடாதேக்கா" என்று கேட்டுக்கொண்டான். அவன் துரைமார் பாஷையைப் படிப்பதற்காக எட்டு வருஷம் ஊரார் அழுக்கைத் துவைத்தவள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். உள்ளே பார்த்தால் "கும்புடுறேன் துபாசி ஐயா" என்பாள். அவனும் "என்னம்மா" என்று விறைப்பாகப் போவான். ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறமாக வந்து அவள் வீட்டில் சாப்பிடும்போது இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். விளையாட்டு வினையாகும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

அந்த வருஷம் சிப்பாய்களில் பாதிப் பேர் சீக்கில் விழுந்தார்கள். அதற்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் பொம்பளைச் சீக்கு. பெயர் வைத்தவன் ஆம்பளை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்தவர்களுக்குத் தங்கள் சிப்பாய்களைச் சோதிக்க மனசு வரவில்லை. அவர்கள் மானம் போய்விடுமாம். ஆகவே மதிலுக்குள் வேலைக்கு வரும் பெண்களைச் சோதிக்க உத்தரவு போட்டார்கள். வாரம் ஒரு தடவை டாக்டரின் மேஜையில் படுக்க வேண்டும். பதிவேட்டில் பேர் ஏறும். மாட்டேன் என்றால் ஜெயில்.

சலவைக்கூடத்து முற்றத்தில் சோப்புப் பெட்டிமேல் ஏறி நின்று அந்த உத்தரவைப் படித்துச் சொன்னவனும் துபாசிதான்.

"அப்பனோ புருஷனோ கூடப்பொறந்தவனோ, யாராவது ஒரு ஆம்பளை வந்து, இவ எங்க வீட்டுப் பொம்பளைன்னு கையெழுத்துப் போட்டா சோதனை கிடையாது."

பெண்கள் ஆளுக்கொரு ஆம்பளையைத் தேடி ஓடினார்கள். கஞ்சி போடுகிற குள்ளச்சியின் புருஷன் மூன்று வருஷமாக எங்கே தொலைந்தான் என்றே தெரியாது. உத்தரவு வந்த மறுநாள் மோப்பம் பிடித்து வந்து நின்றான். கைநாட்டு வைத்தான், அன்றைக்கே அவள் கட்டிலையும் பிடித்துக்கொண்டான்.

"அடிச்சாலும் வாயத் தொறக்க முடியலக்கா. போய்க் கைநாட்ட அழிச்சிடுவேங்கறான்" என்று குள்ளச்சி அழுதாள். நாட்டைப் பறிகொடுத்த ஆம்பளைகளுக்குத் துரைமார் பார்த்துக் கொடுத்த இனாம், வீட்டுப் பொம்பளைமேல் இந்த அதிகாரம்.

இஸ்திரிக்காரியின் புருஷன் இதே துரைமாரின் சண்டைக்குச் சுமை தூக்கக் கப்பலேறிப் போனவன். திரும்பி வரவில்லை. ஆனாலும் அவளுக்குப் பயமில்லை. எனக்கென்ன, என் வீட்டு ஆம்பளை கையில்தான் பேனாவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஞாயிறு தம்பி சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வேலை மும்முரம் போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள், பைத்தியக்காரி.

அவள் முறை வந்தது. சுண்ணாம்பு அடித்த சிறிய அறை. நடுவே ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் உயரமான மேஜை, இந்தப் பக்கம் பதிவேட்டோடு டாக்டர், பக்கத்தில் துபாசி.

"வீட்டுல யார் யார் இருக்கீங்கன்னு கேக்கறாரு."

"நான் ஒண்டிதான். உங்களுக்குத் தெரியாததா ஐயா?"

"ஆம்பளைங்க யாராவது வந்து போறாங்களான்னு கேக்கறாரு."

இதைக் கேட்கும்போதாவது அவன் நாக்குத் தடுக்கும் என்று பார்த்தாள். தடுக்கவில்லை. கண்ணை மட்டும் மைப்புட்டியில் வைத்திருந்தான். போதும் இந்த விளையாட்டு என்று வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை என் தம்பி சாப்பிட வருவான். வேற ஈ காக்கா வர்றதில்ல. அந்தத் தம்பி நீதான்னு சொல்லுடா அவர்கிட்ட."

துபாசியின் கழுத்தில் வியர்வை இறங்கியது. டாக்டர் பக்கம் திரும்பி மூன்றே வார்த்தை சொன்னான். ஞாயிறு, ஒரு, ஆள். துணி மூட்டை இறக்கும்போது கிழமையையும் எண்ணிக்கையையும் எந்த ஆள் துணி என்பதையும் துரைமார் பாஷையில்தான் கூவுவார்கள். வருஷக்கணக்காக அதைக் கேட்டவளுக்கு மூன்று வார்த்தையும் தெரியும். டாக்டர் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு அவள் பேரைப் பதிவேட்டில் எழுதினார்.

கத்தலாம். ஆனால் கத்துவதையும் டாக்டருக்கு இவன்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவனைக் கேட்டால் அவனுக்கும் காரணம் இருக்கும்: பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவன், இஸ்திரிக்காரிக்குத் தம்பி என்று தெரிந்தால் சீட்டுக் கிழியும், பெண்டாட்டி பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும். நியாயம்தான். நியாயம் சொல்லாமல் எவன் கழுத்தை அறுத்திருக்கிறான்?

துரைமாரோடு கப்பலில் வந்த, நம் பேச்சுத் தெரியாத ஆயா ஒருத்தி அவள் தோளைப் பிடித்துத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தார். துபாசி திரையை ஒட்டி வெளியே நின்றான். சொல்வதைச் சொல்ல ஆள் வேண்டுமே.

"மல்லாந்து படுக்கச் சொல்றாரு."

படுத்தாள்.

"முழங்காலை மடக்கச் சொல்றாரு. அசையக் கூடாதாம்."

இரும்பு சில்லென்று பட்டது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். டாக்டர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது, மிகவும் தணிந்து.

"கண்ணை மூடிக்கோக்கா."

அந்த மதிலுக்குள் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டாக்டருக்கும் ஆயாவுக்கும் புரியாது என்கிற தைரியம்.

"யாருடா உனக்கு அக்கா?" என்றாள்.

டாக்டர் கையை நிறுத்திவிட்டு, இவள் என்ன சொல்கிறாள் என்று அவர் பாஷையில் துபாசியைக் கேட்டார்.