மூன்றே முக்காலுக்குப் பிறகு

அவர் எலக்ட்ரீஷியன். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். அக்கம்பக்கத்தில் ‘கறார்’ என்றே பெயர். வேலையை விட்டதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் இணைய வானொலி தொடங்கினார். பழைய பாட்டுகள், கால் மணிக்கு ஒருமுறை அவர் குரலில் நேரம், அவ்வளவுதான். கேட்பவர்கள் என்று பார்த்தால் மனைவியும், வெளியூரில் இருக்கும் மகளும். “உலகமே காத்துக் கிடக்குது, போங்க” என்று மனைவி கிண்டல் செய்வாள்.

ஒரு நாளுக்குத் தொண்ணூற்றாறு அறிவிப்புகள். நள்ளிரவு பன்னிரண்டுக்கான அறிவிப்பில் தொடங்கி வரிசையாகப் பேசிப் பதிவு செய்துகொண்டு வந்தவர், பிற்பகல் மூன்றே முக்காலை முடித்த கையோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்றே முக்காலுக்குப் பிறகு நேரம் சொல்ல ஆளில்லாமல் பாட்டு மட்டும் ஓடுவதை மனைவியால் தாங்க முடியவில்லை. மீதி முப்பத்திரண்டையும் தானே பேசிப் பதிவு செய்தாள். அவளுக்கென்ன, குரல்தானே பிழைப்பு? கூரியர் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கிறவள். எரிந்து விழுகிறவர்கள்கூட அவள் பேச்சில் அடங்கிப் போவார்கள்.

ஒரு வாரம் கழித்து மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, நாலு மணி அப்பா குரல்ல வந்துச்சே, எங்க கெடச்சுது?”

அவள் உடனே நாலு மணிக்கான கோப்பைத் திறந்து பார்த்தாள். தேதி அவள் பதிவு செய்த தேதிதான். பேசியது அவர். “மணி நான்கு” என்றவர் கொஞ்சம் பொறுத்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் ஒருநாளும் கேட்காத கேள்வி. அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. சந்தோஷம்தான் ஒரு படி கூட.

மறுநாள் நாலேகாலும் அவருடையதானது. “முதுகு வலி எப்படி இருக்கு?” அதற்கடுத்த நாள் நாலரை. நாளுக்கொன்றாக அவர் முன்னேற, அவள் குரல் கம்மிக்கொண்டே போனது. டாக்டர் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பேசுவது காதில் விழவில்லை என்று கம்பெனிக்குப் புகார் போனது. புகார் கேட்கிறவள் மேலேயே புகார்!

மகளுக்குத்தான் முதலில் புரிந்தது. “அவர் வர வர நீ போறேம்மா. அந்த ரேடியோவை நிறுத்து. எனக்கு உன் குரல் வேணும்.”

“நிறுத்தினா அவர் மறுபடியும் போயிடுவாரே” என்றாள் அவள். பாதி காற்றாகத்தான் வந்தது.

“அப்பா எப்பவோ போயிட்டாரும்மா.”

சரி சரி என்றாளே தவிர நிறுத்தவில்லை. நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்றே ஒரு மாதம் ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடையது என்று மிஞ்சியிருந்தது இரவு பதினொன்றே முக்கால் ஒன்றுதான். இன்றைக்கு நிறுத்தியே தீர்வது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அதற்குமுன் தன் குரலை ஒருமுறை கேட்கலாம் என்று அந்தக் கோப்பைத் திறந்தாள்.

“மணி பதினொன்றே முக்கால்” என்றார் அவர். “நீ ஓய்வெடு. இனிமே நான் பார்த்துக்கறேன்.”

அவள் வானொலியை நிறுத்தினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

“ரேடியோ நின்னுடுச்சு. நீதானேம்மா நிறுத்தினே? ஏதாவது பேசும்மா.”

அவள் தொண்டையைச் செருமினாள். அடைப்பு விட்டுப்போயிருந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

“நிறுத்திட்டேன் கண்ணு” என்றாள். வார்த்தை கணீரென்று வந்தது.

மகள் அழுகையை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

“அப்பா… அம்மாகிட்ட போனைக் குடுங்க.”